செயின்சா மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறுக்குப் போகும் வழி

மரம் அறுக்கும் செயின்சா (சுருக்கமாக ‘சா’) மக்கர் செய்ததும் பலருடைய கை நேராகக் கார்புரேட்டர் திருகுக்குப் போகும், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகத்தின் திருகுக்கு. அது கடைசியாகத் தொடவேண்டிய இடம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். காற்று குறைந்து, பெட்ரோல் கூடி, என்ஜின் திணறும். திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்தால் அன்றைக்கு ஓடிவிடும். அடுத்த வாரம் ஃபில்டரைக் கழுவி மாட்டுவீர்கள். காற்று தாராளமாக வரும், பெட்ரோலோ குறைத்தபடியே நிற்கும். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கழுவ ஐந்து நிமிடம் ஆகும் ஃபில்டருக்காக ஒரு என்ஜின் போய்விடும்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: பெட்ரோல் எத்தனை நாள் பழையது, ஏர் ஃபில்டர் சுத்தமா, செயின் கூராக இருக்கிறதா. பெரும்பாலான புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்குத்தான் கீழே உள்ளவை. சொல்வது பெட்ரோல் செயின்சாவுக்கு. செயின், பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தட்டை இரும்பு), செயின் ஆயில், பிரேக் பற்றியவை மின்சாரத்திலும் பேட்டரியிலும் ஓடுபவற்றுக்கும் பொருந்தும்.

செயினில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி சா என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள்.  தடித்த கையுறை வேண்டும். சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். பிளக்குக்கும் பார் நட்டுக்குமான கூட்டுச் சாவி, டி27 நட்சத்திரச் சாவி அல்லது 4 மி.மீ. ஆலன் சாவி, உருண்டை அரம், தட்டை அரம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பழைய பல் துலக்கும் பிரஷ் ஆகியவை இருந்தால் இங்கே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி முடியும்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை

சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அற்பமாகத் தோன்றினாலும் இதுதான் முதல் படி. அடுத்து பெட்ரோல். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் ஃபில்டர் கிடப்பதும் அங்கேதான். தரமான டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் பொதுவாக 50:1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மி.லி., ஐந்து லிட்டருக்கு 100 மி.லி. 25:1 கேட்கும் பழைய என்ஜின்களுக்கும் சாதாரண ஆயிலுக்கும் லிட்டருக்கு 40 மி.லி. உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு. கண்ணளவில் ஊற்ற வேண்டாம், அளவுக் குடுவையில் அளந்து ஊற்றுங்கள். கார் ஆயிலை இதில் கலக்கவே கூடாது.

பிறகு பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று அதிகமாக வந்து மூழ்கடித்திருக்கிறது, இல்லையென்றால் தீப்பொறி இல்லை. முதல் ‘டப்’ சத்தம் கேட்ட பிறகும் சோக்கை (குளிர்ந்த என்ஜின் பிடிப்பதற்காகக் காற்றைக் குறைக்கும் மூடி) திறக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் மூழ்கும். அந்தச் சத்தத்தோடு சோக்கை அரை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மூழ்கிய என்ஜினுக்கு வைத்தியம் இது: பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, பிளக் துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாவைக் கவிழ்த்து, சோக் முழுக்கத் திறந்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பத்து முறை இழுங்கள். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சுவிட்சைப் போட்டு, சோக் இல்லாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியபடி இழுங்கள். பெரும்பாலும் பிடித்துவிடும். பிடித்ததும் செயின் ஓடப் பார்க்கும். ஆகவே சா தரையில், செயின் பிரேக் போட்டபடி, பின் கைப்பிடிக்குள் கால் வைத்து அழுத்திய நிலையில்தான் இது எல்லாமே. பிடித்த நொடியில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தீப்பொறியைச் சோதியுங்கள். பிளக்கைத் தொப்பியோடு இணைத்து, அதன் இரும்பு உடலைச் சிலிண்டரின் இறக்கையில் தொடவைத்து, கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள், அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பற்றிக்கொள்ளும். நீலம் கலந்த வெண்மையாகப் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மங்கி வந்தால், அல்லது வராமலே போனால், முதலில் புதுப் பிளக் போடுங்கள். இடைவெளி 0.5 மி.மீ. என்பது பெரும்பாலான செயின்சாக்களுக்குப் பொருந்தும். புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால், காயிலிலிருந்து (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயிலில் கோளாறு இல்லை. சுவிட்சோ ஒயரோ எங்கோ உடம்பில் உரசி எர்த் ஆகிறது. சோதனை முடிந்ததும் ஒயரை மாட்ட மறக்காதீர்கள், அது இல்லாமல் ஓடும் என்ஜினை சுவிட்சால் நிறுத்த முடியாது. ஒயரைக் கழற்றியும் பொறி இல்லையென்றால், ஃப்ளைவீலின், அதாவது ஸ்டார்ட்டர் மூடிக்குள் என்ஜினோடு சுழலும் சக்கரத்தின், காந்தத்தில் ஏறிய துருவை உப்புத்தாளால் தேய்த்து, காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வைத்துப் பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி, காயிலைக் காந்தம் இழுத்த நிலையில் திருகை முறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். அப்படியும் வராவிட்டால் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. உறுதிசெய்ய, பிளக் துளையில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகக் கலவைப் பெட்ரோலை விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு நொடி ஓடி அணைந்தால் என்ஜின் நன்றாக இருக்கிறது, குழாய்ப் பாதையில்தான் சிக்கல். வளைத்த கம்பியால் டேங்கின் வாய் வழியாக ஃபில்டரைக் கொக்கிபோட்டு இழுத்து, பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். பிறகு பெட்ரோல் குழாயை, முக்கியமாக அது டேங்கின் சுவரைத் துளைத்து வெளிவரும் இடத்தில், வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். அது பெட்ரோலைக் கசியவிடுவதற்கு முன்பே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

குழாயும் ஃபில்டரும் சரி என்றால் கார்புரேட்டரைத் திறக்கலாம். ஒரு மூடியை ஒற்றைத் திருகு பிடித்திருக்கும். அதன் அடியில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சல்லடை இருக்கும். அதில் கோந்துபோல் பழைய பெட்ரோலின் படிவம் அடைத்திருக்கும். எதிர்ப்பக்கத்து மூடி பொதுவாக நான்கு திருகில் நிற்கும். அதன் அடியில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. புது டயாஃப்ரம் துணிபோல் தொய்வாக இருக்கும். விறைத்து, தட்டினால் பிளாஸ்டிக் காகிதம்போல் சத்தம் வந்தால் அது செத்துவிட்டது. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்புத் தாள்), டயாஃப்ரம் அடுக்கு வரிசை மாறினால் என்ஜின் ஓடாது. ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சிறு நெம்புகோலை வளைக்காதீர்கள், அதன் உயரம்தான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. துளைகளில் கம்பி விடாமல், கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் மட்டும் அடியுங்கள். அழுத்தமான காற்று அடிக்கும் முன் டயாஃப்ரங்களை எடுத்துவிட வேண்டும்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் திறனை, பாருங்கள். சுவிட்சை அணைத்து, கயிற்றுக் கைப்பிடியை மட்டும் பிடித்துச் சாவைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. சர்ரென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால், ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு முள் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் இருந்தால் ஆரோக்கியம். 100-க்குக் கீழே போனால் தொல்லை. 90-க்கும் கீழே என்றால் பிடிப்பதே அபூர்வம். கம்ப்ரஷன் குறைக்கும் பொத்தான் உள்ள மாடலில் அது மூடியிருக்க வேண்டும்.

உள்ளே பார்ப்பதும் எளிதுதான். சைலன்சரின் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் புகைத் துவாரம் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். நேர் மேல்கீழாகக் கீறல்கள் ஓடினால் சூட்டில் உரசியிருக்கிறது. புகைத் துவாரப் பக்கம் மட்டும் கீறல் என்றால் பெட்ரோல் குறைவு அல்லது ஆயில் கலக்காத பெட்ரோல். காற்று உள்ளே வரும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் தொடர்ந்து ஓடவில்லை

சில நிமிடம் ஓடி, மூச்சு முட்டுவதுபோல் இறங்கி அணைகிறது. கொஞ்சம் காத்திருந்தால் மறுபடி பிடிக்கிறது. இது டேங்கின் காற்றுத் துளை அடைப்புக்கே உரிய நடை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை விடாது. அணைந்த உடனே மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு அதுதான். துளையைச் சுத்தம் செய்யலாம், சிறு பாகம் என்பதால் மாற்றிவிடுவதே மேல். சூடான டேங்கில் அழுத்தமும் ஏறியிருக்கும். ஆகவே மூடியைச் சட்டெனத் திறக்காதீர்கள், பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

குளிரில் நன்றாக ஓடி, சூடேறியபின் அணைந்து, அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி பிடிக்கிறது என்றால் காயிலைச் சந்தேகியுங்கள். அணைந்த சூட்டிலேயே பொறிச் சோதனை செய்ய வேண்டும், ஆறியபின் செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மட்டும் அணைகிறது என்றால், கார்புரேட்டரின் சல்லடையும் டயாஃப்ரமும் மேலே சொன்னபடி சுத்தமா என்று பார்த்துவிட்டு ‘எல்’ திருகுக்கு வாருங்கள்.

சும்மா விட்டால் உறுமுகிறது, மரத்தில் வைத்தால் சக்தி இல்லை

இதில் பாதி நேரம் என்ஜினுக்குச் சம்பந்தமே இருக்காது. செயின் மழுங்கியிருக்கும், அல்லது செயின் அதிகம் இறுகியிருக்கும், அல்லது பிரேக் பட்டை கிளட்ச் டிரம்மை (வேகம் கூடியதும் என்ஜினோடு சேர்ந்து செயினைச் சுழற்றும் உருளை) உரசிக்கொண்டிருக்கும். என்ஜினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றி, பிரேக்கை விடுவித்து, கையால் செயினை இழுங்கள். தடையில்லாமல் ஓடவேண்டும்.

அடுத்து ஏர் ஃபில்டர். ஃபெல்ட், நைலான் வகைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டலாம். உட்புறமிருந்து வெளிப்புறமாகவே ஊதுங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது. கழற்றும்முன் சோக்கை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் நேராகக் கார்புரேட்டருக்குள் விழும். பிறகு சைலன்சரின் வாயிலுள்ள கம்பி வலை. காட்டில் தீப்பொறி பறக்காமல் தடுப்பதற்காக வைத்தது. அதில் கரி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் சோர்ந்துபோகும். வலையைக் கழற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து மறுபடி போடுங்கள். வலை இல்லாமல் ஓட்டுவது காய்ந்த இலை கிடக்கும் இடத்தில் தீ வைப்பதற்குச் சமம். அடிக்கடி கரி பிடித்தால் ஆயில் அதிகம் கலக்கிறீர்கள், அல்லது முழு வேகம் கொடுக்காமல் வெகு நேரம் சும்மா ஓடவிடுகிறீர்கள்.

கார்புரேட்டர் திருகுகள்

இப்போதுதான் இவற்றைத் தொடலாம். ‘எல்’ குறைந்த வேகத்துப் பெட்ரோல், ‘ஹெச்’ முழு வேகத்துப் பெட்ரோல், ‘எல்ஏ’ அல்லது ‘டி’ என்று குறித்தது சும்மா ஓடும் வேகம். எல், ஹெச் இரண்டையும் கடிகாரத் திசையில் திருப்பினால் பெட்ரோல் குறையும், எதிர்த்திசையில் கூடும். முன்பு யாரோ திருப்பி எங்கே நிற்கிறது என்றே தெரியாவிட்டால், இரண்டையும் மெல்ல மூடி (இறுக்கினால் நுனி கெடும்) ஒரு முழுச் சுற்றுத் திறந்து அங்கிருந்து தொடங்கலாம். அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாதபடி தடுப்பு மூடி போட்டவற்றில் அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள். திருகே இல்லாத மின்னணுக் கார்புரேட்டர் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை.

ஃபில்டர் சுத்தமாக, செயின் சரியான இறுக்கத்தில், என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல் திருகை இரு பக்கமும் மெல்லத் திருப்பி, என்ஜின் மிக வேகமாகச் சும்மா ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று திறங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் தயங்காமல் எகிற வேண்டும். தயங்கி விழுந்தால் இன்னும் கொஞ்சம் திறங்கள். புகை கக்கித் திணறினால் கொஞ்சம் மூடுங்கள். பிறகு எல்ஏ திருகால், செயின் அசையாமல் நிற்கும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். பல மாடல்களில் இது நிமிடத்துக்கு 2,700 - 2,800 சுற்று.

ஹெச் திருகில்தான் என்ஜின்கள் சாகின்றன. டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் கருவி) இருந்தால் கையேட்டில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டாமல் வையுங்கள். இல்லாவிட்டால் காதுதான் கருவி. சுமையில்லாமல் இரண்டு மூன்று நொடி மட்டும் முழு வேகம் கொடுங்கள். ‘பர்ர்ர்’ என்று கொஞ்சம் கரகரத்து ஓடவேண்டும். மரத்தில் வைத்ததும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளியவேண்டும். மரத்திலும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம், சிறிது மூடலாம். சுமையில்லாமலேயே கூர்மையாக, வழவழவென்று கிறீச்சிட்டால் பெட்ரோல் குறைவு; உடனே திறங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் திறந்த பக்கமே நில்லுங்கள்: கொஞ்சம் புகை போகும், பிஸ்டன் பிழைக்கும். புகைக் கட்டுப்பாட்டோடு வரும் புதிய என்ஜின்களில் இந்தக் கரகரப்பு தெளிவாகக் கேட்காது, அவற்றுக்கு டேக்கோமீட்டர் இல்லாமல் ஹெச்சைத் தொட வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்க மறுக்கிறது

இதைத் திருகால் மறைக்கப் பார்க்காதீர்கள். எங்கோ கள்ளக் காற்று புகுகிறது: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம், கிராங்க் சீல் (என்ஜின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) விட்டிருக்கலாம். ஓடும்போது சாவை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். வேகம் மாறினால் சீல் அல்லது பேரிங் மேல் சந்தேகம். உறுதியான சோதனை அழுத்தச் சோதனைதான். காற்று வாயையும் புகை வாயையும் அடைத்து 0.5 பார் ஏற்றினால் 20 நொடியாவது இறங்காமல் நிற்க வேண்டும். வெற்றிடப் பம்பாலும் இதேபோல் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில சீல்கள் ஒரு திசையில் மட்டும் விடும். கண்டுபிடிக்கும்வரை ஓட்டவே கூடாது. கள்ளக் காற்றோடு ஓடும் என்ஜின் பெட்ரோல் குறைந்த என்ஜின்தான்.

சும்மா ஓடும்போதே செயின் சுற்றுகிறது

எல்ஏ திருகை எதிர்த்திசையில் திருப்பி வேகத்தைக் குறையுங்கள். வேகம் சரியாக இருந்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். சில சமயம் டிரம்மின் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் காய்ந்து பிடித்திருக்கும். கிளட்ச் பெரும்பாலும் இடப்புரி மரை, அதாவது கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். என்ஜின் சுற்றாமல் நிறுத்த, ஃப்ளைவீல் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகாதீர்கள், இறக்கை முறியும். பிளக் துளை வழியாக ஸ்டார்ட்டர் கயிறு ஒரு துண்டை மடித்து உள்ளே விடுங்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது, புகைத் துவாரத்தைத் தாண்டிய பிறகே விடவேண்டும்; முன்னதாக விட்டால் துவாரத்தில் சிக்கிக் கயிறு நறுங்கும். ஸ்பிரிங்குகளை முழுத் தொகுதியாக மாற்றுங்கள், பேரிங்குக்குக் கொஞ்சம் லித்தியம் கிரீஸ் போடுங்கள்.

செதில் வராமல் மாவாகத் தூள் வருகிறது

செயின் மழுங்கிவிட்டது. கூரான செயின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும், தடித்த செதில்களைத் துப்பும். அழுத்தித் தள்ளவேண்டியிருக்கிறது, மரம் கருகிய வாசனை வருகிறது என்றால் உடனே நிறுத்தித் தீட்டுங்கள். மழுங்கிய செயினோடு போராடினால் பார், கிளட்ச், என்ஜின், உங்கள் தோள் எல்லாமே தேயும்.

அரத்தின் விட்டம் செயினின் பிட்ச்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலுக்கும் கடைசிக்குமான தூரத்தில் பாதிதான் பிட்ச். சிறிய சாக்களில் வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் செயினுக்கு 4.0 மி.மீ. அரம், .325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ., பெரிய 3/8 அங்குலத்துக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ., .404 அங்குலத்துக்கு 5.5 மி.மீ. கடைசி முடிவு செயின் பெட்டியில் அச்சிட்டதே.

பாரை வைஸில் இறுக்குங்கள். செயினைச் சற்றுக் கூடுதலாக முறுக்கிக்கொண்டால் பல் ஆடாது. எல்லாவற்றிலும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்குங்கள், மற்றப் பற்கள் அதன் நீளத்துக்கு வரவேண்டும். பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். கோணம் சாதாரணமாக 30 பாகை; பல பற்களின் மேல் அதற்கான கோடு இருக்கும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தளத்துக்கு வெளியே தெரியவேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் பல் கொக்கிபோல் வளைந்து சீக்கிரம் மழுங்கும், உயர்ந்தால் வெட்டவே வெட்டாது. சாதாரண மழுங்கலுக்கு மூன்று நான்கு இழுப்பு போதும். கல்லிலோ ஆணியிலோ பட்டிருந்தால், சிதைந்த குரோம் பூச்சு முழுக்கப் போகும்வரை தீட்டவேண்டும். கூர் வந்ததா என்று வெளிச்சத்தில் பாருங்கள்: முனையில் வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுங்கல் இருக்கிறது. கூரான முனை ஒளியைத் திருப்பாது.

பலர் விட்டுவிடுவது அடுத்த வேலையை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னத் துடுப்புபோல் ஒரு மேடு இருக்கிறது, டெப்த் கேஜ் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். மேடு குறையாவிட்டால், எவ்வளவு கூர் தீட்டினாலும் பல் மரத்தைத் தொடாது. மூன்று நான்கு தீட்டலுக்கு ஒருமுறை அளவுத் தகடு வைத்து, அதற்குமேல் நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் இறக்கி, முன் விளிம்பை உருட்டிவிடுங்கள். இந்தப் பிட்ச்களில் பொதுவான வித்தியாசம் 0.65 மி.மீ., .404-க்கு 0.8 மி.மீ. தகடு இல்லாமல் கண்ணளவில் இறக்க வேண்டாம். அதிகம் இறங்கினால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், என்ஜின் நின்றுபோகும், பார் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் கூடும். பல்லின் மேல்தளம் 4 மி.மீ.க்குக் குறைந்தால், அல்லது தயாரிப்பாளர் போட்ட குறிக்கோட்டைத் தொட்டால், செயினை மாற்றுங்கள்.

புதுச் செயின் மாட்டியும் துளிகூட அறுக்கவில்லையா? தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். பாரின் மேற்புறத்தில் பற்களின் கூர் நுனியை நோக்கி இருக்க வேண்டும்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது

இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளம் இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கிறது. வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் வசதியாகவும் மறுபக்கம் வசதியின்றியும் தீட்டுவதால் இது மெல்ல மெல்லச் சேரும். வெர்னியர் அளவுகோலால் அளந்து சமப்படுத்துங்கள்.

பற்கள் சமமாக இருந்தும் வளைந்தால் பாரைப் பாருங்கள். ஸ்கேல் ஒன்றைப் பல்லின் பக்கவாட்டிலும் பாரிலும் சேர்த்து வையுங்கள். பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பாரில் செயின் ஓடும் பள்ளம் நன்றாக இருக்கிறது. செயின் சாய்ந்து இடைவெளி மறைந்தால் பள்ளம் அகன்றுவிட்டது. விளிம்பில் வெளியே துருத்தும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுக்கலாம். இரு விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் செங்குத்தாக அரம் போட்டுச் சமப்படுத்தலாம். டிரைவ் லிங்கின் (செயினில் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) அடி பள்ளத்தின் தரையைத் தொடுமளவு தேய்ந்துவிட்டால் பாருக்கு வைத்தியம் இல்லை. ஒவ்வொரு தீட்டலுக்கும் பாரைக் கவிழ்த்து மாட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல் தேயும்.

செயின் கழன்று விழுகிறது, அடிக்கடி தளர்கிறது

புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் தளரத்தான் செய்யும். அடிக்கடி நிறுத்தி இறுக்குங்கள். பார் நட்டுகளைத் தளர்த்தி, பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்து, அடிப்புறத்தில் செயின் பாரைத் தொடும்வரை இறுக்கி, மூக்கை விடாமல் நட்டுகளை முறுக்குங்கள். மூக்கைத் தூக்காமல் இறுக்குவதால்தான் பலருக்கு முதல் வெட்டிலேயே தளர்ந்துவிடுகிறது. சூடான நிலையில் இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கி கிராங்கையும் பேரிங்கையும் இழுக்கும்.

அதற்கு மேலும் கழன்றால் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயினைச் சுழற்றும் பற்சக்கரத்தை, பாருங்கள். அதில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது நல்ல கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் புதுச் செயினும் வீண்.

பார் புகைகிறது, செயின் ஆயில் வரவில்லை

வெளிர் நிறத் தாளையோ மரக்கட்டையையோ எதிரே வைத்து, பாரின் மூக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தாளில் ஆயில் கோடு தெரியவேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையக் காலியாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் ஓட்டம் போதவில்லை.

பெரும்பாலும் அடைப்பு பாரின் ஆயில் துளையில்தான். பாரைக் கழற்றி, துளையையும் பள்ளத்தையும் மெல்லிய தகட்டால் சுரண்டி எடுங்கள். பார் இல்லாமல் ஒருமுறை என்ஜினை ஓட்டிப் பாருங்கள்: உடம்பிலுள்ள வாயில் ஆயில் ஊறினால் பம்ப் நன்றாக இருக்கிறது. ஊறவில்லையென்றால் ஆயில் டேங்கிலுள்ள ஃபில்டர், குழாய், டேங்கின் காற்றுத் துளை. அதன் பிறகே பம்ப். கிளட்சுக்குப் பின்னால் கிராங்கில் மாட்டிய ஒரு பற்சக்கரம் அதைச் சுழற்றுகிறது; பிளாஸ்டிக் என்பதால் பல மாடல்களில் அந்தச் சக்கரம்தான் தேய்ந்துபோகும், பம்ப் அல்ல. பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும், பாரில் ஒட்டி நிற்காது, தோலுக்கும் கேடு.

கயிறு திரும்பிப் போகவில்லை, அல்லது இழுக்கவே முடியவில்லை

திரும்பிச் சுருளாமல் தொங்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது முறுக்கு போதாது. கண்ணாடி அணிந்துகொண்டு திறங்கள், சுருள் ஸ்பிரிங் எகிறி அடிக்கும். கயிறு 3 அல்லது 3.5 மி.மீ. தடிமன், சுமார் ஒரு மீட்டர் நீளம். மாட்டிய பின் கயிற்றை முழுக்க இழுத்த நிலையில் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் முறுக்கு அதிகம், ஸ்பிரிங் சீக்கிரம் முறியும்.

இழுக்கவே முடியாவிட்டால் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். சுற்றினால் கோளாறு ஸ்டார்ட்டரில். சுற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டர் நிறையப் பெட்ரோல் தேங்கியிருந்தால் அது வெளியேறியதும் சுற்றும். அதற்கும் அசையாவிட்டால் பிஸ்டன் பிடித்திருக்கிறது.

பிரேக் பிடிக்கவில்லை

சா தரையில், இரு கையும் கைப்பிடிகளில். முழு வேகம் கொடுத்து, இடக்கை மணிக்கட்டால் முன் காப்பைத் தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்கவேண்டும். ஒரு சுற்று கூடுதலாக ஓடினாலும் வேலைக்கு எடுக்காதீர்கள். மூடியைத் திறந்து மரத்தூளையும் பிசினையும் பிரஷால் துடைத்து, பட்டையைப் பாருங்கள். மிகத் தேய்ந்த இடத்தில் 0.6 மி.மீ.யாவது தடிமன் இல்லையென்றால் மாற்ற வேண்டும். பட்டையிலோ டிரம்மிலோ ஆயில் பட்டிருந்தால் பிரேக் வழுக்கும், துடைத்து உலர்த்துங்கள்.

பிரேக் மூடியிலேயே இருக்கும் மாடல்களில் ஒரு தொல்லை உண்டு: பிரேக் போட்ட நிலையில் மூடியைக் கழற்றினால் பட்டை சுருங்கி, டிரம்மின் மேல் மறுபடி ஏறாது. சுத்தியலால் தட்ட வேண்டாம். மூடியின் உள்ளிருக்கும் பிரேக் கம்பியைச் சாவியால் எதிர்ப்பக்கம் திருப்பி விடுவித்தால் தானாக உட்காரும். மூடியை மாட்டும்போது, அடியிலே செயின் அறுந்தால் பிடிக்கும் சிறு கொக்கி முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்திருந்தால், புதியது மாட்டும்வரை சாவை ஓட்ட வேண்டாம்.